பழைய காரை அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வரி எவ்வளவு மிச்சமாகும்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, 2026 ஜனவரி 10ஆம் தேதி குடும்பத்தோடு மதுரைக்கே திரும்புகிறீர்கள். வீட்டு வாசலில் 2010 ஹோண்டா அக்கார்ட் நிற்கிறது. ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் மைல் ஓடிய வண்டி, இன்னும் நன்றாக ஓடுகிறது. பழைய கார்களின் சந்தை விலையைச் சொல்லும் கெல்லி புளூ புக்கில் 4,000 டாலர் காட்டுகிறது. டிசம்பர் 31க்குள் ஏதாவது ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்தால் 4,000 டாலர் வரி மிச்சம் என்று அலுவலக நண்பர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, யாருக்குக் கொடுப்பது, அந்தப் பணம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போகுமா என்று கேட்கிறீர்கள்.

4,000 டாலர் மிச்சமாகாது. சாதாரணமாக எல்லோரும் கொடுக்கிற வழியில் கொடுத்தால் உங்களுக்கு ஒரு டாலர்கூட மிச்சமாகாமல் போகலாம். ஆனாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷமாக நம்மவர்களுக்கு டாக்ஸ் ரிட்டர்ன் தயாரித்துக் கொடுத்துவருகிறேன். கார் கொடுத்தவர்களில் ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், மனம் நிறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வண்டி கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களா என்பதுதான் இவர்களுக்குள் இருந்த வித்தியாசம்.

முதலில் கணக்கு. நன்கொடை என்பது வருமானத்திலிருந்து கழிக்கிற தொகை. வரியிலிருந்தே நேராகக் கழிவதில்லை. நீங்கள் 22 விழுக்காடு வரி வரம்பில் இருந்தால், 4,000 டாலர் முழுவதையும் கழிக்க அனுமதி கிடைத்தாலும் குறையும் வரி 880 டாலர். உங்கள் நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

அந்த 880 டாலராவது கிடைக்க, நீங்கள் ஷெட்யூல் ஏ படிவம் நிரப்பி ஐட்டமைஸ் செய்ய வேண்டும், அதாவது ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாக எழுதிக் காட்ட வேண்டும். 2017இல் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், செலவுக் கணக்குக் காட்டாமலே எல்லோரும் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 12,700 டாலர். அதற்கடுத்த வருஷமே 24,000 ஆனது. 2025க்கு 31,500. வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, சொத்து வரி, நன்கொடை எல்லாம் கூட்டி இந்த 31,500ஐத் தாண்டினால்தான் நன்கொடைக்கு வரியில் பலன். தாண்டாவிட்டால், நீங்கள் கார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்டப்போகிற வரி ஒன்றுதான். இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுக்கிறார்கள். ரேடியோவில் டிசம்பர் முழுக்கக் கேட்கும் 'வரிச் சலுகை பெறுங்கள்' என்ற விளம்பரம் மீதிப் பத்தில் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

உங்களுக்குச் சொந்த டவுன்ஹவுஸ் இருப்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எண்கள் என் ஊகம், உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சொத்து வரி 9,000, மாநில வருமான வரி 6,500, கடன் வட்டி 12,000, கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் கொடுத்தது 1,500. மொத்தம் 29,000. 2024 வரை சொத்து வரியும் மாநில வரியும் சேர்ந்து 10,000க்கு மேல் கழிக்க முடியாது, அதனால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. 2025க்கு அந்த உச்சவரம்பை 40,000 ஆக்கிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் வீடு வைத்திருக்கும் பலர் 2025இல் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது அதனால்தான். நீங்களும் 2,500 டாலர் தூரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது, கார் கொடுத்தால் கழிக்க முடிகிற தொகை என்ன? கெல்லி புளூ புக் விலையா? 2004 வரை அப்படித்தான் இருந்தது. புத்தகத்தில் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதை எழுதிவிடுவார்கள். வண்டியோ ஏல யார்டில் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003 நவம்பரில் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு வண்டியின் கதை என் மனதில் அப்படியே நிற்கிறது. 1983ஆம் வருஷத்து டிரக் ஒன்று. கொடுத்தவர் தன் ரிட்டர்னில் 2,400 டாலர் என்று எழுதியிருந்தார். அது ஏலத்தில் போனது 375 டாலருக்கு. விளம்பரச் செலவு, நடுவில் நின்று நடத்திய நிறுவனத்தின் செலவு எல்லாம் கழித்தால் மிச்சம் 63. அதிலும் பாதி அந்த நிறுவனத்துக்கு. அறக்கட்டளை கையில் வந்து விழுந்தது 31 டாலர் 50 சென்ட். ஜிஏஓ தேடிப் பார்த்த 54 வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு இதே நிலைதான்: கொடுத்தவர் எழுதிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அறக்கட்டளைக்குக் கிடைத்தது.

அதற்கு அடுத்த வருஷம் சட்டத்தை மாற்றினார்கள். 2005 ஜனவரி முதல், அறக்கட்டளை உங்கள் வண்டியை அப்படியே விற்றுவிட்டால், 500 டாலருக்கு மேல் போன வண்டிக்கு அது விற்ற விலைதான் உங்கள் கழிவு. புத்தக விலைக்கு இடமில்லை. 500 அல்லது அதற்குக் குறைவாகப் போனால், 500 டாலர் அல்லது நியாயமான சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது. பெரும்பாலான அறக்கட்டளைகள் தாங்களே கார் விற்பதில்லை. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அது வண்டியை இழுத்துச் செல்லும் டோ டிரக் அனுப்பி எடுத்து, டீலர்கள் வாங்கும் மொத்த ஏலத்தில் தள்ளிவிடும். அங்கே உங்கள் அக்கார்ட் 1,100 டாலருக்குப் போகலாம். அப்படியானால் உங்கள் கழிவு 1,100. மேலே போட்ட கணக்கில் 29,000 என்பது 30,100 ஆகும். 31,500ஐத் தொடவில்லை. வரியில் பலன் சுழியம்.

மாநில வரியில் ஏதாவது தேறுமா என்று அடுத்து கேட்பீர்கள். நியூ ஜெர்சி வருமான வரியில் நன்கொடைக்குக் கழிவே கிடையாது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று: அங்கே மாநில ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மிகக் குறைவு (2024இல் தம்பதிக்கு 11,080), மத்திய அரசுக்கு ஐட்டமைஸ் செய்யாவிட்டாலும் மாநிலத்துக்குச் செய்யலாம். அவர்களுக்குக் கொஞ்சம் தேறும்.

சரி, முழு 4,000ஐயும் கழிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சட்டமே மூன்று விதிவிலக்குகள் வைத்திருக்கிறது. வாங்கிய அறக்கட்டளை அந்த வண்டியைத் தன் பணிக்கே நெடுநாள் உண்மையாகப் பயன்படுத்த வேண்டும். வயதானவர்களுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வருஷம் ஓட்டினால், அது கணக்கில் வரும். அல்லது, வண்டியின் மதிப்பைக் கணிசமாகக் கூட்டும் பெரிய பழுதுவேலை செய்ய வேண்டும். கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, நெளிவு எடுத்தால் அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தமானது: வசதியற்ற ஒருவருக்கு இலவசமாகவோ, சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கோ அந்தக் காரையே கொடுப்பது. இந்த மூன்றில் எது நடந்தாலும் நீங்கள் சந்தை மதிப்பை எழுதலாம். கெல்லி புளூ புக்கில் தனியாருக்குத் தனியார் விற்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும், டீலர் கடை விலையை அல்ல. வண்டியின் நிலையையும் உள்ளபடியே சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது வழியில் இயங்கும் அமைப்புகள் அதிகம் இல்லை, ஆனால் இருக்கின்றன. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 1996இல் தொடங்கிய குட் நியூஸ் கராஜ், மேரிலாந்தில் 1999 முதல் இயங்கும் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச், இவை இரண்டும் பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுக்கின்றன. பதினோரு வருஷம் இங்கே இருந்த உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. மதுரையில் வண்டி இல்லாவிட்டால் மினி பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது. இங்கே நகரத்தை விட்டு இருபது மைல் தள்ளிப் போனால் கார் இல்லாதவருக்கு வேலை இல்லை. இரவு ஷிஃப்டுக்கு மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்திருக்கும், போய்ச்சேரப் பஸ் இருக்காது. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு எட்டு மணிக்குள் போக வேண்டும், நடந்து முடியாது. உங்களுக்கு 4,000 டாலராகத் தெரிகிற அந்த அக்கார்ட் அப்படி ஒரு தாய்க்கு மாதச் சம்பளம். அதே வண்டி ஏலத்துக்குப் போனால் ஒரு டீலர் அதை 1,100க்கு எடுத்து, மெருகேற்றி, அதே தாய்க்கு அதிக வட்டித் தவணையில் விற்கவும் கூடும். அதனால்தான் வண்டி எங்கே போகிறது என்று கேளுங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

இந்த அமைப்புகளும் வருகிற எல்லா வண்டியையும் குடும்பத்துக்குக் கொடுப்பதில்லை. தகுதியில்லாததை ஏலத்துக்கு அனுப்புவார்கள். எந்தெந்த மாநிலத்தில் வந்து எடுப்பார்கள் என்பதும் மாறும். ஃபோன் செய்து, "இந்த வருஷம், இத்தனை மைல், இந்த நிலை, இதைக் குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா, விற்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான இடம் நேராகப் பதில் சொல்லும். உங்கள் வண்டி குடும்பத்துக்கே போனால் நம் கணக்கு 33,000 ஆகும், 31,500க்கு மேல் 1,500, வரியில் 330 டாலர் மிச்சம்.

இன்னொரு வழி இருக்கிறது, பலர் யோசிப்பதே இல்லை. வண்டியை நீங்களே விற்று, பணத்தைச் செக்காகக் கொடுப்பது. 3,800க்கு விற்றீர்கள் என்றால், சொந்தக் காரை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதால் அந்தப் பணத்துக்கு வரி இல்லை. செக் கொடுத்தால் 3,800ம் அறக்கட்டளைக்குப் போகும், டோ டிரக்குக்கும் ஏலக்காரருக்கும் ஒரு சென்ட் போகாது. உங்களுக்கும் 3,800 முழுவதும் கழிவு. கணக்கில் 32,800, வரியில் 286 டாலர் மிச்சம். ஏலத்து வழியோடு ஒப்பிட்டால் அறக்கட்டளைக்கு மூன்று மடங்குக்கு மேல் பணம். ஓடுகிற வண்டி, விற்க இரண்டு வாரம் நேரமும் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தெரியாதவரோடு பேரம் பேச மனமில்லாவிட்டால் பழைய கார் வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடத்தில் விலை கேட்கலாம், அவர்கள் சொல்லும் விலை ஏழு நாள் நிற்கும். தனியாருக்கு விற்பதைவிடக் குறைவாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். மூட்டை கட்டுகிற நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் இல்லை, இலவசமாக வந்து எடுத்துப் போனால் போதும் என்று நினைத்தால் அதிலும் தவறில்லை. வரிக்காக என்று மட்டும் எண்ணாமல் கொடுங்கள்.

ஓடாத, எஞ்சின் போன வண்டி என்றால் இத்தனை யோசனை வேண்டாம். டோ டிரக்கைக் கூப்பிட்டு அறக்கட்டளைக்கே கொடுத்துவிடலாம்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது அந்தப் பள்ளிக்கூடம். மதுரைப் பக்கத்து டிரஸ்டுக்கு நேரே பணம் அனுப்பினால் அமெரிக்க ரிட்டர்னில் கழிக்க முடியாது. அவர்கள் தரும் 80ஜி ரசீது இந்திய வருமான வரிக்குத்தான் செல்லும். அமெரிக்காவில் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள அறக்கட்டளையாகப் பதிவான அமைப்புக்குக் கொடுத்தால் கழிவு உண்டு, அந்த அமைப்பு இந்தியாவில் பணி செய்தாலும் சரி. 1991இல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கிய ஆஷா ஃபார் எஜுகேஷன் அப்படிப்பட்டது. கொடுக்கும் முன் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் வரிவிலக்கு அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கோயில்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லாமலும் தகுதி பெற்றிருக்கலாம், வழிபாட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் கட்டாயம் இல்லை. ஆக, வண்டியை விற்று அந்த 3,800ஐ இப்படி ஓர் அமைப்புக்கு இந்தியக் கல்விக்கென்று கொடுத்தால் உங்கள் இரண்டு விருப்பமும் நிறைவேறும். ஒரு குறிப்பிட்ட மாணவனுக்கு என்று பெயர் குறித்துக் கொடுத்தால் மட்டும் கழிவு கிடைக்காது.

அதேபோல, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்து சேர்ந்த நம்மூர்ப் பிள்ளைக்குக் காரைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றால் வரியில் எந்தக் கழிவும் இல்லை. 2025 கணக்குப்படி ஒருவருக்கு வருஷத்துக்கு 19,000 டாலர் வரை அன்பளிப்பு வரி பற்றிய கவலையும் இல்லை. எப்படியும் வரியில் பலன் இல்லாத குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

எந்த அமைப்பு என்று தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் பாட்டையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நம் மாநிலத்தின் லேக்வுட்டிலிருந்து இயங்கும், கார் நன்கொடை வாங்கும் அமைப்பான கார்ஸ்ஃபார்கிட்ஸின் ரேடியோ பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். 2012 முதல் 2014 வரை மின்னசோட்டா மக்கள் அதற்குக் கொடுத்த சுமார் 30 லட்சம் டாலரில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் போனது என்று மின்னசோட்டா அட்டர்னி ஜெனரல் 2017இல் அறிக்கை கொடுத்தார். பணத்தின் பெரும்பகுதி அதன் சகோதர அமைப்பு வழியாக யூதப் பிள்ளைகளின் சமயக் கல்விக்குப் போகிறது. அது சட்டப்படி செல்லும் நோக்கம், அதை விரும்பிக் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே என் கவலை.

இனி, கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை. வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலின் பின்பக்கம் வாங்குபவர் பெயர் இருக்கும் இடத்தில் அறக்கட்டளையின் பெயரை எழுதாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் டோ டிரக்காரர் சொன்னாரென்று அப்படிக் கொடுத்தது, நம்பர் பிளேட்டையும் கழற்றவில்லை. வண்டி யார் பெயருக்கும் மாறாமல் கைமாறிக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் டோல் பில்லும் பார்க்கிங் அபராதமும் அவர்கள் வீட்டுக்கே வந்தன. எங்களுடையது இல்லை என்று நிரூபிக்க அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நியூ ஜெர்சியில் பிளேட்டைக் கழற்றி மோட்டார் வெஹிக்கிள் கமிஷனிடம் ஒப்படைத்து, ரசீது வாங்கிய பிறகே இன்ஷூரன்ஸை ரத்து செய்ய வேண்டும், வரிசை மாறக் கூடாது. டோல் கட்டும் ஈஸிபாஸ் கருவியை எடுத்துவிடுங்கள். காரின் புளூடூத்தில் இருக்கும் ஃபோன் நம்பர்களையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள், கராஜ் கதவின் ரிமோட்டையும் மறக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட டைட்டிலை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 கணக்கில் வர வேண்டுமானால் டிசம்பர் 31க்குள் வண்டியும் டைட்டிலும் கைமாறியிருக்க வேண்டும். ஃபோன் செய்து பதிவு செய்த தேதி உதவாது. வருஷக் கடைசி வாரத்தில் டோ டிரக் கிடைப்பது கஷ்டம், 20ஆம் தேதிக்குள் வரச்சொல்லுங்கள். எடுத்துப் போகும்போது தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அறக்கட்டளை அதை பிப்ரவரியில் விற்றாலும் உங்களுக்கு 2025 கழிவுதான்.

500 டாலருக்கு மேல் கழிக்க, வண்டி வாங்கியதற்கு அறக்கட்டளை தரும் 1098-சி படிவம் கட்டாயம். விற்ற 30 நாளுக்குள் அறக்கட்டளை அனுப்ப வேண்டும். விற்காமல் கொடுக்கும் வகை என்றால் நீங்கள் வண்டி கொடுத்த நாளிலிருந்து 30 நாள். வந்ததும் 4சி கட்டத்தைப் பாருங்கள், விற்ற தொகை அங்கே இருக்கும். வசதியற்றவருக்குப் போன வண்டி என்றால் 5பி கட்டத்தில் குறி இருக்க வேண்டும், அது இல்லாமல் 4,000 என்று எழுத முடியாது. இதை ரிட்டர்னோடு இணைத்து, பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கான 8283 படிவத்தில் பகுதி ஏ நிரப்ப வேண்டும். 5,000க்குள் என்பதால் மதிப்பீட்டாளர் தேவையில்லை.

அந்தப் படிவம் தபாலில் வரும்போது நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், வீடு கைமாறியிருக்கும். வண்டி கொடுக்கும்போதே இங்கே இருக்கும் நம்பிக்கையான நண்பரின் முகவரியை அஞ்சலுக்கென்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மின்னஞ்சலிலும் ஒரு நகல் கேளுங்கள். ஏப்ரல் 15க்குள் வந்து சேராவிட்டால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். கட்ட வேண்டிய வரி இருந்தால் அதை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். உங்கள் சொத்து வரி, கடன் வட்டி எண்களை எழுதி அனுப்பினால் 31,500ஐத் தாண்டுகிறீர்களா என்று நானே கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அது தெரிந்த பிறகு டோ டிரக்கைக் கூப்பிடலாம்.